பழைய வண்டியும் புதிய விளக்கும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் அதன் இயந்திரத்தைப் பற்றி நிரம்ப எழுதுவர். அதன் வேகத்தையும், உடலின் வடிவழகையும், அதனை ஆக்கியோரின் செல்வத்தையும் பற்றி விரிவாக எழுதுவர். அதன் விளக்குகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், நேயர்களே, நள்ளிரவில் ஆளரவமற்ற வீதியிலே செல்லும் ஒருவனை வீட்டில் உயிரோடு சேர்க்கும் பொறுப்பு அந்த விளக்குகளிடமே இருக்கின்றது. வேகம் எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவுக்கு அப்பொறுப்பும் கூடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் பழைய கார்களை விரைவு வண்டிகளாக மாற்றி ஓட்டும் அன்பர்களிடையே, இவ்விளக்குகளை முன்னிட்டு ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. பழைய வண்டிக்குப் பழைய விளக்கே பொருந்தும் என்பர் ஒரு சாரார். இன்றைய வீதிக்கு இன்றைய விளக்கே வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுமுன், அவ்வண்டிகளின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது பயனுடைத்து. மரபு என்று நாம் கூறுவது எவ்வாறு தோன்றியது என்பதை அவ்வரலாறு நமக்குக் காட்டும்.

இவ்வண்டிகளுக்கு ஹொட் றொட் என்று பெயர். விலை மலிந்த ஒரு பழைய காரை வாங்கி, அதன் மட்காட்டுகளையும் பிற பாரமான உறுப்புக்களையும் கழற்றி, உடலைத் தாழ்த்தி, இயந்திரத்தின் வலுவைக் கூட்டி, விரைந்து ஓடுமாறு செய்யப்பட்ட வண்டியே ஹொட் றொட். தென் கலிபோர்னியாவில், 1930களில், பணமில்லாத இளைஞரின் கைகளில் இக்கலை வளர்ந்தது. அவர்களுக்கு உதவியவர் ஹென்றி போர்ட். 1908 முதல் 1927 வரை அவருடைய தொழிற்சாலைகள் மொடல் ரி என்னும் வண்டியை ஒன்றரைக் கோடிக்கு மேலாக ஆக்கித் தள்ளின. 1932ஆம் ஆண்டிலே, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில், எட்டு உருளைகள் கொண்ட வி-8 இயந்திரத்தோடு ஒரு புதிய வண்டியை அவர் வெளியிட்டார். அதன் வலு 65 குதிரைவலு. அந்த 1932ஆம் ஆண்டு வண்டியே இன்றும் ஹொட் றொட் அன்பர்களின் உள்ளத்தில் முதலிடம் பெற்று விளங்குகின்றது.

அக்காலத்து வண்டிகள் எத்தகைய விளக்குகளைக் கொண்டிருந்தன? தொடக்ககால மொடல் ரி வண்டிகளின் முன்விளக்குகள் அசற்றலீன் வாயுவில் எரிந்தன. பக்க விளக்குகளும் பின் விளக்கும் மண்ணெண்ணெயில் எரிந்தன. மாலையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தீக்குச்சி கிழித்து விளக்கேற்றிய பின்னரே பயணத்தைத் தொடர வேண்டும். 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டி, சார்ள்ஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்னியக்கியோடும் மின்விளக்கோடும் வெளிவந்தது. 1915ஆம் ஆண்டு மொடல் ரி வண்டிக்கும் மின்விளக்கு வந்தது. ஆனால் அந்த விளக்கு இயந்திரத்தோடு இணைந்த மக்னீற்றோவிலிருந்து நேரே மின்னைப் பெற்றது. இயந்திரம் விரைந்து சுழலும்போது ஒளி பெருகும். மெல்லச் சுழலும்போது ஒளி மங்கும். மேடு பள்ளம் கண்டு ஓட்டுபவன் வேகத்தைக் குறைத்தால், வெளிச்சம் எப்போது வேண்டுமோ அப்போது பார்த்து விளக்குக் கண்ணை மூடிக்கொள்ளும்!

பின்னர்ப் பற்றரியும் டைனமோவும் எல்லா வண்டிகளுக்கும் வந்தன. ஒளி ஒருவாறு நிலைபெற்றது. ஆயினும் பிற குறைகள் நீங்கவில்லை. முன்விளக்கின் உள்ளே வெள்ளி பூசிய குழிவான தெறிகிண்ணம் ஒன்றும், அதன் நடுவே ஒரு மின்குமிழும், முன்னே கண்ணாடியும் இருந்தன. கண்ணாடிக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள இடுக்கால் தூசியும் ஈரமும் உட்புகும். வெள்ளி கறுக்கும். புதிதாய் வாங்கிய நாளில் இருந்த ஒளி ஓரிரு ஆண்டுகளில் பாதியாகத் தேயும். பின்புறத்தின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 1928 முதல் 1931 வரை வெளிவந்த மொடல் ஏ வண்டிகளில் வழக்கமாக இடப்பக்கத்தில் ஒரே ஒரு பின்விளக்குத்தான் இருந்தது.

இத்தகைய வண்டிகளைத்தான் அந்த இளைஞர் எடுத்துக்கொண்டனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால், மோஹாவிப் பாலைநிலத்தில் மியூரொக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிகள் உள்ளன. நீர் வற்றி, களிமண் இறுகி, பலகைபோற் பரந்து கிடக்கும் அவ்வேரிகளின் தரையிலேதான் அவர்கள் தங்கள் வண்டிகளின் வேகத்தைச் சோதித்தனர். 1937ஆம் ஆண்டில் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் தோன்றி, இப்போட்டிகளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. வண்டியை ஏற்றிச் செல்லப் பெரிய லொறி வைத்திருந்தவர் அவர்களுள் அரியர். ஆகவே, எந்த வண்டியில் வாரம் முழுவதும் வேலைக்குச் சென்றார்களோ, அதே வண்டியில் இரவோடிரவாக ஏரிக்குச் சென்றனர். அங்கே மட்காட்டையும் முன் கண்ணாடியையும் விளக்குகளையும் கழற்றித் தரையில் வைத்தனர். காற்று எழுமுன், விடியற்பொழுதிலேயே ஓட்டத்தைத் தொடங்கினர். பின்னர் எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி வீடு திரும்பினர்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். அவ்விளைஞர் வேகத்துக்குத் தடையான எதனையும் இரக்கமின்றி எறிந்தவர்கள். மட்காட்டைப் பலர் மீண்டும் பூட்டாமலே விட்டனர். ஆயினும் விளக்கை மீண்டும் பூட்டினர். சட்டம் வற்புறுத்தியது ஒரு காரணம். இரவு வழிப்பயணம் மற்றொரு காரணம். போட்டித் தரையிலே விளக்கு வீண் பாரம். வீதியிலோ அதுவே கண். ஒரே வண்டிக்கு இரண்டு நிலங்களும் இரண்டு அறங்களும் இருந்தன என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 1940ஆம் ஆண்டுக்கான புதிய கார்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, விளக்கு வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம் நேர்ந்தது. முன்விளக்கின் கண்ணாடியும், தெறிகிண்ணமும், மின்னிழையும் ஒன்றாக இணைத்து மூடப்பட்ட, ஏழு அங்குல விட்டமுடைய வட்ட விளக்கை அமெரிக்க உற்பத்தியாளர் பொதுவாக ஏற்றுக்கொண்டனர். மூடிய கதிர் விளக்கு என்று அதனைக் கூறலாம். தூசி புக வழியில்லை. உள்ளே பூசிய அலுமினியம் கறுப்பதில்லை. இழை அறுந்தால் விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். ஆனால் மாற்றும்போது தெறிகிண்ணமும் கண்ணாடியும் புதியனவாகவே வரும். எந்தக் கம்பனியின் வண்டியாயினும் விளக்கின் அளவு ஒன்றே. ஆதலால் நாட்டின் எந்த மூலையிலும் அது கிடைத்தது.

வறண்ட ஏரியின் இளைஞர் இதைக் கண்டு என்ன செய்தனர்? தங்கள் பழைய போர்ட் வண்டியின் பழைய விளக்குகளைத் தெய்வம்போற் போற்றினார்களா? பலர் அவற்றைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, புதிய விளக்குகளைத் தேடிப் பொருத்தினர். பழைய கூடுகளுக்குள் மூடிய கதிர் விளக்கைப் பொருத்துவதற்கான உறுப்புக்களும் விற்பனைக்கு வந்தன. லொறி, பஸ் வண்டிகளுக்கென்று ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கைட் விளக்குப் பிரிவு செய்த 682-சி என்னும் விளக்கு, நெற்றியிலே ஒரு சிறு விளக்கையும் தாங்கி நின்றது. அதுவும் ஹொட் றொட் வண்டிகளில் ஏறியது. பின்புறத்துக்கு 1939ஆம் ஆண்டுப் போர்ட் வண்டியின் நீர்த்துளி வடிவான சிவப்பு விளக்கைத் தேர்ந்தனர். அது தாழ்ந்த உடலோடு இசைந்து நின்றது. பழைய இரும்புக் கடைகளிலே மலிவாகவும் கிடைத்தது. 1950களில் சிலர் சிவப்புக் கண்ணாடியின் நடுவே நீலமணி ஒன்றைப் பதித்தனர். இரவில் அது ஊதா நிறமாய்த் தோன்றும். பின்விளக்குச் சிவப்பாகவே இருத்தல் வேண்டும் என்ற விதியால், பல மாநிலங்களில் அந்த அழகுக்குத் தடையும் இருந்தது.

நேயர்களே, இன்று மரபுவழி விளக்குகள் என்று எவற்றை அன்பர்கள் போற்றுகின்றார்களோ, அவற்றின் பிறப்பு இதுவே. 1932ஆம் ஆண்டு வண்டியில் 1939ஆம் ஆண்டுப் பின்விளக்கும் 1940ஆம் ஆண்டு முன்விளக்கும் இருப்பது, வண்டியை ஆக்கியவன் வகுத்த மரபன்று. பயனையும் அழகையும் விலையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த இளைஞர் தம் காலத்தின் புதுமையைப் பழைய வண்டியில் ஏற்றினர். அப்புதுமைக்கு நரை விழுந்த பின்னர் அதனை நாம் மரபென்று வணங்குகின்றோம்.

போருக்குப் பின் இக்கலை நாடெங்கும் பரவியது. மியூரொக் ஏரி இராணுவத்தின் வசமாகிவிட, போரிலிருந்து மீண்ட இளைஞர் எல் மிராஜிலே ஓடினர். 1948ஆம் ஆண்டு சனவரியில் றொபேட் பீற்றர்சனின் ஹொட் றொட் சஞ்சிகை முதல் இதழைக் கண்டது. 1951ஆம் ஆண்டில் வொலி பாக்ஸ் முதலியோர் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினர். இவ்வண்டிகள் வீதிக்கு ஆபத்து என்று பத்திரிகைகளும் பொலிசாரும் குறைகூறிய காலம் அது. அக்குறையை நீக்கவே அவர்கள் பாதுகாப்பை இடைவிடாது வற்புறுத்தினர். 1970ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்துப் பியோரியா நகரில் வீதி ஹொட் றொட் வண்டிகளின் முதல் தேசியக் கூட்டம் நடந்தது. அதன்பின் பந்தயத்துக்கென்றன்றி நெடும்பயணத்துக்கென்றே பழைய வண்டிகளைப் புதுக்கும் வழக்கம் பெருகியது.

விளக்கு மட்டும் சட்டத்தின் கட்டுக்குள் நெடுநாள் நின்றது. மூடிய கதிர் விளக்கையன்றிப் பிறவற்றை அமெரிக்க விதிகள் 1983ஆம் ஆண்டுவரை முன்விளக்காக ஏற்கவில்லை. ஐரோப்பாவில் 1962ஆம் ஆண்டிலேயே ஹலஜன் மின்குமிழ் வண்டிகளுக்கு வந்துவிட்டது. அதே 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலொனியக் என்னும் அறிஞர், கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளியைத் தரும் ஒளிகாலும் இருவாயியை ஆக்கினார். எல்.ஈ.டி. என்று இன்று சிறுவரும் அறிந்த பொருள் அதுவே. நீல ஒளியைத் தரும் இருவாயியை ஜப்பானில் அக்காசாகி, அமானோ, நக்கமுறா ஆகிய மூவர் ஆக்கி, அதற்காக 2014ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். நீலம் கிடைத்த பின்னரே வெள்ளொளி கிடைத்தது. வெள்ளொளி கிடைத்த பின்னரே முன்விளக்கும் இவ்வினத்தால் ஆயிற்று. இவ்வாறு பழைய வழக்கு புதிய வேகத்தோடு மீண்டும் எழுந்தது.

மரபை விரும்புவோர் கூறும் நியாயத்தை நாம் எள்ளி நகையாடல் ஆகாது. மின்னிழை விளக்கின் ஒளி மஞ்சள் கலந்த இளஞ்சூட்டு ஒளி. தடுப்பை மிதித்தால் இழை மெல்லச் சிவந்து எரிந்து, காலை எடுத்தால் மெல்ல அணையும். அவ்வண்டியின் உலோகமும் வண்ணமும் வளைவுகளும் அந்த ஒளியோடு சேர்த்தே எண்ணப்பட்டவை. அதன் முகத்தில் நீலம் பாய்ந்த கூரிய வெள்ளொளி எரியும்போது, வயது முதிர்ந்த ஒருவர் வாயிலிருந்து சிறுவனின் குரல் வருவதுபோல் ஒரு பொருத்தமின்மை தோன்றத்தான் செய்கின்றது.

மறுபக்கத்து நியாயமோ உயிரைப் பற்றியது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனுக்கு 88 அடி செல்கின்றது. தடுப்பு விளக்கின் இழை சூடேறி முழு ஒளி தருவதற்கும், இருவாயி ஒளிர்வதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு வேறுபாடு உண்டு. அந்நேரத்தில் பின்னால் வருபவன் பதினேழு அடிக்கு மேல் கடந்துவிடுவான். 1932ஆம் ஆண்டுப் போர்ட் வண்டியின் முழு நீளமும் பதினான்கு அடிக்குள்தான். ஒரு வண்டி நீளத்துக்கும் அதிகமான அவகாசத்தை ஒரு சிறு விளக்கு ஈட்டித் தருகின்றது. மேலும், தாழ்ந்து நிற்கும் பழைய வண்டியின் சிறிய பின்விளக்கு, உயரமான இன்றைய வண்டிகளை ஓட்டுபவர் கண்ணில் எளிதிற் படுவதில்லை. ஆகவே பின்புறத்தைப் பொறுத்தவரை எமது தீர்ப்பு எளிது. நீர்த்துளிக் கூடும் சிவப்புக் கண்ணாடியும் அப்படியே இருக்க, உள்ளே இருவாயித் தட்டைப் பொருத்துவதே சாலச் சிறந்தது. பகலில் பார்ப்பவன் 1939ஐக் காண்பான். இரவில் பின்னால் வருபவன் ஆபத்தை உரிய நேரத்தில் காண்பான்.

முன்புறத்தில் இத்துணை எளிதாகத் தீர்ப்புக் கூற இயலாது. பழைய மொந்தையில் புதுக் கள் என்பது பழமொழி; இங்கே மொந்தை கள்ளின் குணத்தையே மாற்றிவிடும். பழைய முன்விளக்கின் தெறிகிண்ணம் பரவளைவு வடிவானது. அதன் குவியத்தில் ஒரு சிறிய இழை இருக்கும் என்று கணக்கிட்டே அக்கிண்ணமும் முன்கண்ணாடியின் வரிகளும் அமைக்கப்பட்டன. இழை இருந்த இடத்தில் பல பக்கமும் ஒளி சிந்தும் இருவாயிக் குமிழைச் செருகினால், ஒளி வேண்டிய இடத்துக்குச் செல்லாது சிதறும். ஓட்டுபவன் முன்னே பிரகாசத்தைக் கண்டு மகிழ்வான். ஆனால் தொலைவில் வீதி தெரியாது, எதிரே வருபவனின் கண்ணும் கூசும். தான் காண்பதற்காகப் பிறனைக் குருடாக்கும் விளக்கு நல்ல விளக்காகாது. இருவாயியையே முன்புறத்தில் விரும்புவோர், அதற்கென்றே வகுத்த தெறிகிண்ணமும் கண்ணாடியும் கூடிய முழு விளக்கைத்தான் வாங்க வேண்டும். இல்லையேல் மூடிய கதிர் விளக்கு, அல்லது அதே அளவில் நல்ல கண்ணாடியோடு வரும் ஹலஜன் விளக்குப் போதுமானது. 1940இல் ஏழு அங்குலம் என்று ஒரு பொது அளவை வகுத்த பெரியோரின் நன்மை இங்கே விளங்குகின்றது. அந்தக் கூட்டினுள் அக்காலத்து விளக்கும் நுழையும். இக்காலத்து விளக்கும் நுழையும்.

எந்த விளக்கைத் தேர்ந்தாலும், அதற்குமுன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. போர்ட் வண்டிகள் 1955ஆம் ஆண்டுவரை 6 வோல்ற் மின்னமைப்பையே கொண்டிருந்தன. 1956ஆம் ஆண்டு வண்டிகளிலேதான் 12 வோல்ற் வந்தது. 45 வாற் விளக்கு ஒன்று 12 வோல்ற்றில் நான்கு அம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். 6 வோல்ற்றில் ஏழரை அம்பியர் எடுக்கும். மின்னோட்டம் இரட்டிப்பதால் கம்பியிலும் துருப்பிடித்த இணைப்புகளிலும் இழப்பு மிகுகின்றது. இழை விளக்கின் இயல்பு யாதெனில், அதற்குச் சேரும் அழுத்தத்தில் எட்டிலொரு பங்கு குறைந்தால் ஒளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பழைய விளக்கு மங்கலாக எரிகின்றது என்று பழிப்போர் பலர், உண்மையிற் பழிக்க வேண்டியது தேய்ந்த கம்பியையும் வண்ணம் பூசி மறைந்த நிலத்தொடுப்பையுமே. தடித்த புதுக் கம்பியும் தூய இணைப்பும் இட்டபின், பழைய விளக்கே சிலருக்குப் போதுமானதாகி விடுவதுமுண்டு.

புதிய விளக்கை ஏற்பவரும் பழைய வண்டியின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். அந்நாளைய போர்ட் வண்டியின் உடலோடு இணைந்தது பற்றரியின் நேர்முனை. இருவாயியோ ஒரே திசையில் மட்டும் மின்னை விடுவது. முனை மாறினால் அது ஒளிராது. திருப்பச் சைகை விளக்கை மினுக்கும் பழைய கருவி, இழை இழுக்கும் மின்னோட்டத்தால் சூடேறி இயங்குவது. இருவாயி இழுக்கும் சிறு மின்னோட்டம் அதற்கு உணர்வதில்லை. எனவே அக்கருவியையும் உடன் மாற்ற வேண்டும். புதுமை தனித்து வருவதில்லை. தன் சுற்றத்தோடு வரும்.

இவற்றையெல்லாம் கேட்டபின், பழைய விளக்கை முற்றாகவே காக்க விரும்பும் ஒருவரை நாம் குறை கூறலாமா? கூறலாகாது. அன்று கட்டிய வண்டியை அன்று கட்டியவாறே அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பதும் ஒரு வரலாற்றுத் தொண்டே. அத்தகைய வண்டி பகலில் ஓடட்டும். மாலை மயங்குமுன் வீடு திரும்பட்டும். நெடுவீதியில் இரவிலும் மழையிலும் குடும்பத்தோடு செல்ல எண்ணுபவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் விளக்கு அவருக்கு மட்டும் உரியதன்று. பின்னால் வருபவருக்கும் எதிரே வருபவருக்கும் அதிற் பங்குண்டு.

பழமை நீங்குவதும் புதுமை சேர்வதும் காலத்தின் இயல்பாதலின் அவை குற்றமாகா என்று, மொழியைப் பற்றிக் கூறவந்த நன்னூலாசிரியர் பவணந்தியார் அமைதி கூறினார். மோட்டார் வண்டிக்கும் அவ்விதி பொருந்தும். வறண்ட ஏரியிலிருந்து இரவுப் பாதையில் நூறு மைல் வீடு திரும்பிய இளைஞனிடம் இரண்டு விளக்குகளை நீட்டி, உனக்கு எது வேண்டும் என்று கேட்டிருந்தால், எது பழையது என்று அவன் வினவியிருக்க மாட்டான். எது நெடுந்தொலைவு காட்டும், எது என் வண்டிக்கு அழகாயிருக்கும், என்ன விலை என்றே வினவியிருப்பான். அந்த மூன்று வினாக்களே ஹொட் றொட் வண்டியின் உண்மை மரபு. அவற்றை அதே வரிசையில் இன்றும் கேட்பவர், கையில் எடுப்பது எந்த ஆண்டின் விளக்காயினும், மரபிலிருந்து வழுவாதவரே.